மூல ஓலை

குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் மணமேல்குடி. அறுபத்துமூவரில் ஒருவர் அவர். நின்றசீர் நெடுமாறனுக்கு அமைச்சராக இருந்து, மங்கையர்க்கரசியாரின் பக்தித் தொண்டுக்குத் துணை நின்றவர். ஆவணி அனுஷத்தன்று அவருக்குக் குருபூசை. அவரைப் பற்றிச் சேக்கிழார் சொன்னவற்றில் என் மனம் எப்போதும் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. சிவனடியார் என்று ஒருவர் எதிரே வந்துவிட்டால் போதும், அவர் எந்தக் குலம், நல்ல குணம் உள்ளவரா இல்லாதவரா என்றெல்லாம் பார்க்காமல் நிலத்தில் விழுந்து வணங்குவாராம். அமைச்சர் வேலையே ஆளை எடைபோடுகிற வேலைதான். யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது, யாரிடம் என்ன பாக்கி என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், அடியார் முன்னால் வந்ததும் அந்தத் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

தராசு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தார். பழைய கடனோடு வாழ்கிறவர்கள் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்றைக்கு இந்த மணமேல்குடிக் கடற்கரையில் ஒருவர் வங்கியில் போய்க் கடன் கேட்டால், அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கணினியில் ஒரு மூன்று இலக்க எண் வந்துவிடுகிறது. 300-க்கும் 900-க்கும் இடையே ஏதோ ஓர் எண். நம் மக்கள் அதைச் சிபில் என்கிறார்கள். சிபில் நிறுவனம் தொடங்கியது 2000-ஆம் ஆண்டில். கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005-இல் வந்தது. இப்போது டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இந்தக் கணக்கை வைத்திருக்கின்றன. எதில் பார்த்தாலும் பேச்சில் அது சிபில்தான். "சிபில் அடிபட்டுப் போச்சு" என்று சொல்லும்போது, உடம்பில் எங்கோ அடிபட்டதைப் போலத்தான் குரல் இறங்குகிறது.

அந்த அறிக்கையை ஒருமுறை பொறுமையாக விரித்துப் பாருங்கள். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு கட்டம். யார் கொடுத்தது, எந்தத் தேதியில், எவ்வளவு, இன்று பாக்கி எவ்வளவு. அதற்குக் கீழே மாதம் மாதமாகச் சின்னச் சின்னச் சதுரங்கள், 36 மாதம் வரை. தவணை தேதிக்குள் கட்டிய மாதத்தில் 000. ஒரு மாதம் தள்ளிப் போனால் 030. அடுத்து 060, 090. தகவல் வராத மாதத்தில் மூன்று எக்ஸ். கடைசியில் நிலை என்று ஓர் இடம். அதில் குளோஸ்டு என்றோ, செட்டில்டு என்றோ, ரிட்டன் ஆஃப் என்றோ ஒரு சொல். குரலை உயர்த்தாத தாள் அது. 030 என்று எழுதிய மாதத்தில் வீட்டில் யார் ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று அது கேட்பதில்லை. கேட்கத் தெரியாததற்காக அதன்மேல் கோபப்பட்டும் பயனில்லை. நாள் தவறியது அதற்குத் தெரியும், தவறிய காரணம் தெரியாது. அந்தக் காரணத்தையும் அறிந்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதுதான் நம்புகிறவர்களின் ஆறுதல்.

மணமேல்குடி, கட்டுமாவடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று நீளும் இந்தக் கரையில் நாள் தவறுவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், தவணைத் தேதி நிற்காது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்தன. தென்னை காய்ப்புக்கு வர ஆண்டுகள் ஆகும். அந்தத் தோப்பை நம்பி வாங்கிய கடனுக்கு மாதம்தான் கணக்கு. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன படகு அங்கே ஏதோ ஒரு துறைமுகத்தில் இற்றுக்கொண்டிருக்கும். படகு இல்லாத வீட்டில் படகுக் கடன் மட்டும் உயிரோடு இருக்கும். குழுக்கடன் வாங்கிய பெண்கள் ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்கி, மூன்றாவதில் திணறி நிற்பதும் எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

இப்படி நின்றுபோன கடன் பழசாகும்போது மனசுக்குள் என்ன நடக்கிறது? முதலில் வருத்தம் இருக்கும். பிறகு வெட்கம். அதற்குப் பிறகு பார்க்காமல் இருக்கும் பழக்கம் வந்துவிடும். தபாலில் வந்த உறை பிரிக்கப்படாமல் அலமாரியில் போகும். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் கை நடுங்கும். பாக்கி எவ்வளவு என்று கேட்டால், "இருக்கும் ஒரு தொகை" என்பதோடு பேச்சு நின்றுவிடும். தொகை தெரியாத கடன் எப்போதும் உள்ளதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். சிக்கு விழுந்த வலையை இருட்டில் உட்கார்ந்து பிரிக்க முடியாது, கரையில் வெயிலில் விரித்துப் போட்டால்தான் எந்த முடிச்சு எங்கே என்று தெரியும். பழைய கடனைப் பொறுத்தவரை நான் தவம் என்று சொல்வது இந்த விரித்துப் பார்த்தலைத்தான். கண்ணை மூடிச் செய்யும் தியானத்தைவிட, கண்ணைத் திறந்து ஒரு தாளைப் படிப்பது சில நேரம் கடினம்.

நம் சமயத்தின் ஒரு பெரிய கதை பழைய பத்திரம் ஒன்றில்தான் தொடங்குகிறது. திருநாவலூர் ஆரூரருக்கு, அதாவது சுந்தரருக்கு, புத்தூரில் கல்யாணம். சடங்கவி சிவாசாரியார் வீட்டுப் பெண். பந்தல் போட்டு, உறவெல்லாம் கூடி, மணமகன் மனையில் உட்கார்ந்தாயிற்று. அந்த நேரம் பார்த்து, கோலூன்றிய ஒரு கிழவர் பந்தலுக்குள் வருகிறார். எனக்கும் உனக்கும் ஒரு வழக்கு இருக்கிறது, அதை முடித்துவிட்டு அப்புறம் கல்யாணம் செய்துகொள் என்கிறார். உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது, நீ எனக்கு அடிமை என்கிறார். சபை சிரிக்கிறது. ஓர் அந்தணன் இன்னொரு அந்தணனுக்கு அடிமையாவது எங்கே நடந்தது, உமக்குப் பித்தா என்று மணமகன் கேட்கிறார்.

வசூலுக்கு வருகிறவர்கள் இன்றும் இப்படியான நேரத்தில்தான் வருகிறார்கள். மகள் கல்யாணத்துக்கு நகைக்கடன் கேட்கப் போனபோது, மகன் படிப்புக்குக் கல்விக்கடன் கேட்கப் போனபோது, பத்து வருடம் முன்னால் மறந்துபோன ஒரு பெயர் அறிக்கையில் எழுந்து நிற்கிறது. வங்கி அந்தக் கடனைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்றிருந்தால் பெயரே புதிதாக இருக்கும். இவர்களிடம் நான் வாங்கவே இல்லையே என்று மனம் பதறும். புத்தூர்ப் பந்தலில் நின்ற கிழவரையும் அங்கே யாருக்கும் தெரியாது.

சுந்தரர் என்ன செய்தார்? ஓலையைக் காட்டு என்றார். கிழவர் எடுத்ததும் பின்னாலேயே ஓடிப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கோபம் வந்த இளைஞன் செய்வதுதான் அது. வந்த கடிதத்தைக் கிழித்துப் போடுகிறோம், போன் எண்ணை மாற்றுகிறோம், ஊரைவிட்டுத் திருப்பூருக்கோ வெளிநாட்டுக்கோ போகிறோம். கிழவர் பதறவில்லை. நீ கிழித்தது படி ஓலை, மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது, அங்கே வா என்றார்.

இதற்கு அடுத்த பகுதியைப் பலர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். நான் அங்கேதான் நெடுநேரம் நிற்பேன். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. வந்திருப்பவர் இறைவன் என்று படிக்கிற நமக்குத் தெரியும், அவைக்குத் தெரியாது. தெரியாத அவை செய்ய வேண்டியதைச் செய்தது. ஓலையை வாங்கிப் படித்தது. சாட்சிக் கையெழுத்துகளைப் பார்த்தது. அதோடு விடவில்லை. இவருடைய பாட்டனார் கைப்பட எழுதிய வேறு ஓலை காப்பில் இருந்தால் கொண்டுவரச் சொன்னது. இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தோடு எழுத்தை ஒத்துப் பார்த்தது. பிறகுதான் தீர்ப்பு. சுந்தரரும் அதற்குப் பிறகுதான் தலை தாழ்த்தினார்.

இறைவனே கேட்டு வந்தாலும் பத்திரத்தைச் சரிபார்க்காமல் ஒரு மனிதனை ஒப்படைக்கவில்லை அந்த ஊர். சரிபார்த்தபின் அது உண்மை என்று தெரிந்ததும், நம் பிள்ளை, நல்ல பிள்ளை, கல்யாண வீடு என்று தயவு காட்டி மறைக்கவும் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் நான் நேர்மை என்பேன். பழைய கடனோடு இருப்பவருக்குக் கதை இரண்டு பக்கமும் பேசுகிறது. ஓலையைக் கிழிக்காதே. மூல ஓலையைக் கேட்காமல் தலையும் குனியாதே.

இன்றைய மூல ஓலை என்பது கடன் ஒப்பந்தமும் கணக்கு அறிக்கையும்தான். போனில் ஒருவர் தொகை சொன்னார் என்பதற்காக உடனே ஜிபேயில் அனுப்பிவிடக் கூடாது. எந்தக் கணக்கு எண், எந்தத் தேதியில் நான் கையெழுத்திட்டது, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு, இந்தக் கடனை நீங்கள் வாங்கியதற்குப் பத்திரம் எங்கே என்று எழுத்தில் கேட்கலாம். கேட்பது கடனை மறுப்பதாகாது. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், 2017 முதல் இது ரிசர்வ் வங்கியின் விதி. அதில் தவறு இருந்தால், நான் வாங்காத கடன் என் பெயரில் இருந்தால், கட்டி முடித்தது கட்டாததாக நின்றால், புகார் எழுதலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சொன்னது, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஒரே பெயரும் ஒரே ஊரும் கொண்ட இருவர் கணக்கு கலந்துபோவது உண்டு. எழுத்தோடு எழுத்தை ஒத்துப் பார்க்க ஓர் அவை இல்லாத இடத்தில் நாமேதான் அவையாக உட்கார வேண்டும்.

ஒத்துப் பார்த்தபின் உண்மை என்று தெரிந்தால்? அங்கேதான் காலம் என்ற கேள்வி வருகிறது. பத்திரக் கடன், கைமாற்று, வங்கியின் சாதாரணக் கடன் இவற்றுக்கு 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி மூன்றாண்டு. அதற்குள் வழக்குப் போடாவிட்டால் நீதிமன்றக் கதவு மூடிவிடும். அந்த மூன்றாண்டு முடிவதற்குள் கடனாளி கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து கணக்கு மறுபடி தொடங்கும். முடிந்த பிறகும், கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தச் சட்டம் அதைப் புது வாக்காக ஏற்கும். ஆகவே காலாவதியான கடனில் யாராவது ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து கேட்டால் படித்துப் பார்த்துத்தான் போட வேண்டும். கடன் தகவல் நிறுவனங்களோ ஏழாண்டுக்குக் குறையாமல் விவரத்தைக் காத்து வைக்க வேண்டும் என்பது விதி.

சட்டம் இங்கே மிகவும் நுட்பமாக ஒன்றைச் செய்திருக்கிறது. காலம் கடந்தால் வசூலிக்கும் வழிதான் அடைபடுகிறது, கடன் அழிவதில்லை. கொடுத்தவர் கையிலிருந்து அந்த வழக்கு இறங்கி, வாங்கியவர் மனத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இனி யாரும் கேட்க முடியாது என்ற இடத்தில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதை எந்த அறிக்கையும் எழுதாது. முடியாத நிலையில் இருப்பவர் சட்டம் தந்த நிழலில் ஒதுங்கி நிற்பதில் பாவம் ஏதுமில்லை என்றே நினைக்கிறேன். அந்த நிழல் அவர்களுக்காகத்தான் போடப்பட்டது. கையில் பணம் வந்த நாளில் அந்தப் பழைய பெயர் நினைவுக்கு வந்தால், அந்த நினைவைத் துரத்தாமல் இருந்தால் போதும்.

மணமேல்குடியிலிருந்து மேற்கே அறந்தாங்கிச் சாலையைப் பிடித்துப் போனால் ஆவுடையார்கோயில் தூரமில்லை. திருப்பெருந்துறை. கருவறையில் ஆவுடையார் மட்டும் இருக்கும், அதன்மேல் லிங்கம் இல்லை. புழுங்கலரிசிச் சோறும் கீரையும் பாகற்காயும் படைத்து, எழும் ஆவியையே நிவேதனமாகக் கொள்ளும் கோயில். கொடுங்கைகளின் கல்வேலைப்பாட்டைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. மாணிக்கவாசகருக்காக வருகிறவர்களும் உண்டு. அவர் கதையும் ஒரு கடன் கதை. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய அரசுப் பணத்தை, குருந்த மரத்தடியில் குருவைக் கண்டபின் கோயிலுக்கும் அடியாருக்கும் செலவழித்துவிட்டார். குதிரை எங்கே என்று ஓலை வந்தது. ஆவணி மூலத்தன்று வரும் என்றார். வந்த குதிரைகள் இரவில் நரிகளாகி ஓடின. பணத்தைக் கேட்டு அவரைச் சுடுமணலில் நிறுத்தினார்கள்.

அரசன் கேட்டது நியாயம். அது குடிமக்கள் பணம். கேட்ட முறைதான் நியாயமில்லை. அதற்கு வந்த பதிலைப் பாருங்கள். வைகை பெருகி வந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வேண்டும். பிட்டு விற்கும் வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. இறைவனே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டை உண்டு, மண் சுமக்காமல் படுத்துக் கிடந்தார். தன் பங்கை அடைக்காத அந்தக் கூலியின் முதுகில் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அடி அரசன் முதுகிலும் விழுந்தது, அரசி முதுகிலும் விழுந்தது, உலகத்து உயிர் எல்லாவற்றின்மேலும் விழுந்தது.

வசூல் என்ற பெயரில் ஒரு வீட்டு வாசலில் நின்று சத்தம் போடும்போது நடப்பது இதுதான். தவணை கட்டாதவர் ஒருவர்தான். ஆனால் அந்தச் சொல் உள்ளே படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைமேல் விழும், படுத்திருக்கிற மாமியார்மேல் விழும், குழுவில் உடன் கையெழுத்திட்ட பக்கத்து வீட்டு அக்காமேல் விழும். சொன்னவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காரும்போது அவர்மேலும் விழும். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல் முகவர்கள் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவினர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் திரும்பவும் எழுதியது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் உண்டு. கடன் வசூலில் வலுக்கட்டாயத்தைத் தடுக்க 2025-இல் தனிச் சட்டம் வந்தது. மிரட்டலைத் தாங்கிக்கொள்வது கடனைத் தீர்க்கும் வழி அல்ல என்பதை வீட்டில் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். உயிரை விடுவதால் தீரும் கடன் உலகில் ஒன்றுகூட இல்லை. அதையும் வாய்விட்டே சொல்ல வேண்டும்.

பேசித் தீர்க்கிற இடங்கள் இருக்கின்றன. மக்கள் நீதிமன்றத்தில், வழக்காக மாறுவதற்கு முன்பே, வங்கிக்காரரும் கடனாளியும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு தொகைக்கு வரலாம். 1987 சட்டத்தின்படி அங்கே எழுதிய முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பழைய கடனுக்கு நல்ல தள்ளுபடி கிடைக்கலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். முழுத் தொகையும் கட்டினால் அறிக்கையில் குளோஸ்டு என்று வரும். குறைத்துப் பேசிக் கட்டினால் செட்டில்டு என்று வரும், அதை அடுத்த வங்கி ஒரு குறையாகத்தான் பார்க்கும். ரிட்டன் ஆஃப் என்று இருந்தால் கடன் தள்ளுபடியாகிவிட்டது என்று நினைத்து நிம்மதியாகிவிடுகிறார்கள். வங்கி தன் பேரேட்டிலிருந்து அதை எடுத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான், வாங்கியவர் பாக்கி அப்படியே நிற்கிறது.

செட்டில்டு என்ற சொல்லைக் கண்டு கூசுகிறவர்களிடம் நான் ஒன்று சொல்வேன். முடிந்தால் முழுதாகக் கட்டுங்கள். முடியாது என்றால், முடிந்ததைக் கட்டிவிட்டு அந்தச் சொல்லோடு வாழுங்கள். அது பொய் இல்லையே. என்னால் இவ்வளவுதான் முடிந்தது, அவர்களும் அதற்குச் சம்மதித்தார்கள் என்பதை ஒரு சொல்லில் எழுதியிருக்கிறது. வெண்ணெய்நல்லூரில் தோற்ற சுந்தரர் கடைசியில் எதைக் கொடுத்தார்? பொன்னா, நிலமா? பாடு என்றார் இறைவன். என்னவென்று தொடங்குவேன் என்று கேட்டபோது, பந்தலில் என்னைத் திட்டினாயே, அந்தச் சொல்லிலேயே தொடங்கு என்றார். கடனாளியிடம் இருந்தது ஒரு குரல், ஒரு வசைச் சொல். வழக்கு அதில் தீர்ந்தது. கையில் இருப்பதை வாங்கிக்கொள்ளத் தெரிந்த கடன்காரன் கிடைப்பது பாக்கியம்.

இந்தப் பகுதியில் எண்ணும் கணினியும் வருவதற்கு வெகுமுன்பே ஒரு கடன் அறிக்கை இருந்தது. மொய் நோட்டு. வடகாடு, கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்து. பந்தல், கறிச்சாப்பாடு, மேசைக்கு மேசை நோட்டோடு எழுதுகிறவர்கள். ஊர், பெயர், தொகை. முன்பு விருந்து வைப்பவர் வந்தவருக்குச் செய்த பழைய மொய் எவ்வளவு, அதைத் திருப்பிச் செய்து அதற்குமேல் இப்போது போடும் புது மொய் எவ்வளவு என்று தனித்தனியே கணக்கு. ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் ஒருவர் விருந்து வைப்பார். அந்தப் பணத்தில் தோப்பு வாங்கியவர்கள், போர் போட்டவர்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. வட்டி இல்லை, பத்திரமும் இல்லை. திருப்பிச் செய்ய முடியாமல் நொடித்துப்போனவர்களும் உண்டு, அந்த வெட்கம் சிபிலைவிடக் கொடியது. கஜாவுக்குப் பிறகும் கொரோனாவுக்குப் பிறகும் மொய் குறைந்துபோனது. ஆனால் அந்த நோட்டில் எனக்குப் பிடித்தது, எல்லாப் பெயரும் இரண்டு பக்கமும் இருக்கும் என்பது. இன்று வாங்குகிறவர் நாளை கொடுப்பவர். கடனாளி என்று ஒரு தனிச் சாதி அங்கே கிடையாது.

கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் ஒருவர் இறந்தால், தொழுகைக்கு நிற்கும் கூட்டத்தின் முன்னால் குடும்பத்தார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இறந்தவரிடம் யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள் என்று. கடனோடு இறந்த ஒருவருக்கு நபிகள் நாயகம் தொழுகை நடத்தத் தயங்கியதும், அபூ கதாதா என்ற தோழர் அந்தச் சில தீனார்களுக்கு நான் பொறுப்பு என்று ஏற்றபின்பே தொழவைத்ததும் அவர்கள் சொல்லும் வரலாறு. சொத்தைப் பிரிக்கும் முன் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது அவர்களுடைய மறையின் கட்டளை. கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை தவணை கொடுங்கள், விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்பதும் அதே மறையில் உள்ளதுதான். இந்துக் குடும்பங்களிலும் தகப்பன் கடனை மகன் தீர்ப்பது புண்ணியக் கடமை என்று சட்டமே நெடுங்காலம் ஏற்றுக்கொண்டிருந்தது. 2005 வாரிசுரிமைத் திருத்தத்துக்குப் பிறகு ஏற்பட்ட கடனுக்கு அந்தக் காரணத்தை மட்டும் சொல்லி மகன்மேல் வழக்குப் போட முடியாது. தகப்பன் விட்டுப்போன சொத்தின் அளவுக்கே பொறுப்பு. சட்டம் விட்டுவிட்டதைச் சில பிள்ளைகள் விடுவதில்லை. அப்பா பேர் அந்தக் கடையில் எழுதியிருக்கக் கூடாது என்று போய்க் கட்டிவிட்டு வருகிறார்கள். அது யாரும் வற்புறுத்தி வருவதல்ல, வற்புறுத்தவும் கூடாது.

கட்டி முடித்த பிறகு செய்ய வேண்டிய சிறு வேலைகளை அலட்சியமாக விடக்கூடாது. பாக்கியில்லை என்ற சான்றிதழை எழுத்தில் வாங்க வேண்டும். அடகு வைத்த பத்திரமோ நகையோ கைக்கு வர வேண்டும். இப்போது வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறையாவது கடன் தகவல் நிறுவனங்களுக்கு விவரம் அனுப்புகின்றன. அதனால் ஓரிரு மாதம் கழித்து அறிக்கையை எடுத்து, நிலை மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய 030, 060 எல்லாம் உடனே போய்விடாது. அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே புதிய 000-கள் ஒவ்வொரு மாதமாகச் சேரும். விரதம் இருக்கிறவர்களுக்குத் தெரியும், இன்றைய நாளை ஒழுங்காக முடிப்பதைத் தவிர அதில் வேறு வித்தை ஏதும் இல்லை.

எந்த நிறுவனத்தின் கணக்கிலும் ஏறாத பாக்கிகளும் நம் எல்லோரிடமும் இருக்கின்றன. தடைக்காலத்தில் கடனுக்கு அரிசி அளந்த பெட்டிக்கடைக்காரர், பிரசவத்துக்குக் கைமாற்றாகக் கொடுத்த தெருக்காரர், ஊர்விட்டு ஊர் போனபோது பஸ்ஸுக்குப் பணம் கொடுத்தனுப்பிய வாத்தியார். கொடுத்தவர் இன்னும் இருந்தால் தேடிப்போய்க் கொடுத்துவிடலாம். அவர் இல்லையென்றால் பிள்ளைகளிடம், இன்னாருக்கு நான் தர வேண்டியது என்று சொல்லிக் கொடுக்கலாம். பிள்ளைகள் வேண்டாம் என்றால் அதை அவர்கள் மனம் விட்டதாக எடுத்துக்கொள்ளலாம். வாரிசு யாரும் இல்லை என்றால் அவர் பெயரில் அன்னதானத்துக்கோ, பள்ளிவாசலிலோ, கோயில் உண்டியலிலோ, படிக்கிற ஒரு பிள்ளையின் கையிலோ சேர்க்கலாம். தொகை சரியாக நினைவில் இல்லை என்றால், கொஞ்சம் கூட்டியே வைத்துக் கொடுக்கலாம்.